பழைய சிபியுவிலிருந்து ஃபைல்களை எடுக்க: காப்பி போடுவதா, டிஸ்க்கைக் கழற்றுவதா?

லாஃப்டில் ஏற்றி வைத்த கம்ப்யூட்டரோ, கடை மேசைக்கு அடியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரோ, அதிலுள்ள படங்களையும் கணக்குகளையும் புது லேப்டாப்புக்குக் கொண்டுவர ஆறு வழிகள் உண்டு. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகிக் காப்பி போடலாம். ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி அடாப்டர் மூலம் படிக்கலாம். இரண்டு கம்ப்யூட்டரையும் நெட்வொர்க் கேபிளால் இணைக்கலாம். கிளவுடில் ஏற்றலாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் போட்டு எழுப்பிப் படிக்கலாம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கொடுத்து எடுத்துத் தரச் சொல்லலாம்.

எது வேகம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய டிஸ்க்குக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஃபைல்கள் வெளியே வருவதற்குள் அதை இன்னும் எத்தனை மணி நேரம் சுற்றவிடப் போகிறோம், அந்த நேரத்தில் அதன்மேல் என்னவெல்லாம் எழுதப்படும்? பழைய விண்டோஸ் சும்மா திறந்திருந்தாலே பேஜ் ஃபைல், லாக், ஆன்டிவைரஸ் என்று டிஸ்க்கை ஓயாமல் குடைந்துகொண்டிருக்கும். அதனால் மேசைக் கம்ப்யூட்டர் என்றால் எங்கள் முதல் தேர்வு டிஸ்க்கைக் கழற்றிப் படிப்பதுதான். ஆனால் கழற்றுவதற்கு முன் உள்ளேயிருந்தே எடுத்தாக வேண்டியவை சில உண்டு. அவற்றை விட்டுவிட்டுக் கழற்றினால் ஃபைல் வந்துசேரும், திறக்காது.

பவர் கொடுக்கும் முன்

வருஷக்கணக்கில் சும்மா கிடந்த பெட்டி என்றால் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து பாருங்கள். மதர்போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டை நம்பி மணிக்கணக்கில் காப்பி போடாதீர்கள். நேராக டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். சென்னைக் கடற்கரைக் காற்றில் ராம் கார்டின் பொன்னிற விளிம்பு மங்கிப்போகும். சுவிட்ச் போட்டதும் பீப் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்த விளிம்பை மெல்லத் தேய்த்துத் துடைத்துச் செருகினால் பல பெட்டிகள் எழுந்துவிடும்.

தேதி 2002 என்றோ 2005 என்றோ காட்டி, எஃப் 1 அழுத்தச் சொன்னால் போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற வட்ட பேட்டரிதான். மாற்றி, தேதியைச் சரிசெய்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் இன்று சேமிக்கிற பேக்கப் ஃபைல்கள் இருபது வருஷம் பழைய தேதியோடு உட்காரும். எது புதியது என்று பிறகு தெரியாது.

டிஸ்க்கிலிருந்து சீரான இடைவெளியில் 'டக்... டக்...' என்று கேட்டால் உடனே பவரை நிறுத்துங்கள். கீழே சொல்லும் எந்த வழியும் அதற்குப் பொருந்தாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் மூழ்கிய டிஸ்க்கும் இதே கணக்குதான். வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்ப்பது கடைசி வாய்ப்பையும் கெடுத்துவிடும். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு பழைய யோசனை இன்னும் சுற்றுகிறது. நம்மூர் ஈரக்காற்றில் ஃப்ரீசரை விட்டு வெளியே எடுத்த மறுநிமிடம் அதன்மேல் தண்ணீர் கோர்க்கும். வேண்டாம்.

உள்ளேயிருந்தே எடுக்க வேண்டியவை

தமிழ் எழுத்துருக்கள் முதலில். யூனிகோடுக்கு முன் டைப் செய்த ஆவணம் என்றால், அது வானவில், பாமினி, தாம், தாப், டிஸ்கி என்று ஏதோ ஒரு குறியாக்கத்தில் இருக்கும். ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்; எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். தமிழக அரசே 1999-ல் தாம், தாப் குறியாக்கங்களைத் தரமாக அறிவித்து, 2010-ல்தான் யூனிகோடுக்கு வந்தது. ஆகவே அந்த இடைக்கால ஆவணங்கள் பல வீடுகளில் இருக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே முழுதாகக் காப்பி எடுங்கள். அளவு மிகச் சிறியது. பலரும் மறக்கிற ஃபோல்டர் இதுதான். பிறகு புதுக் கம்ப்யூட்டரில் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியால் உரையை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்தக் குறியாக்கம் என்று தெரியாமல் மாற்ற முடியாது என்பதால், ஒவ்வொரு ஆவணத்திலும் எழுத்துருவின் பெயரைப் பழைய கம்ப்யூட்டரிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேஜ்மேக்கரில் செய்த கல்யாணப் பத்திரிகை, மலர், பில் புத்தக வடிவங்கள் இருந்தால் பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். மூல ஃபைலையும் எடுங்கள், ஆனால் அதை நாளை திறக்க ஒரு கம்ப்யூட்டர் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சில டிடிபி (பக்க வடிவமைப்பு) மென்பொருள்கள், பின்னால் பழைய பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டில் டாங்கிள் என்ற சின்ன உரிமச் சாவி செருகியிருந்தால்தான் திறக்கும். இன்றைய லேப்டாப்பில் அந்த ஓட்டையே கிடையாது.

கடைக் கணக்கு டேலி ஈஆர்பி 9-ல் இருந்தால் ஆல்ட் எஃப் 3 அழுத்தி, பேக்கப் எடுத்து, பிறகு டேலியை மூடிவிட்டு டேட்டா ஃபோல்டரையும் தனியாகக் காப்பி போடுங்கள். உள்ளே 10000, 10001 என்று எண்களே பெயராக உள்ள ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. டேலி திறந்திருக்கும்போது காப்பி போட்டால் பாதி எழுதப்பட்ட நிலையில் ஃபைல் வந்து, மறுபக்கம் திறக்கும்போது பிழை காட்டும்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. டிஸ்க்கைக் கழற்றி ஃபோல்டரை எடுத்தால் அவை பயன்படாது. குரோமுக்குள் இருந்தே ஏற்றுமதி செய்ய வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக எடுத்தால் போதும். எக்ஸ்பி புரொஃபெஷனலில் சில ஃபைல்களின் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால் அவை என்கிரிப்ட் ஆனவை, அதாவது சங்கேதமாகப் பூட்டப்பட்டவை. பண்புகளுக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி சேமியுங்கள். அந்த விண்டோஸ் கணக்கும் அதன் சாவியும் போய்விட்டால் எந்தக் கடையாலும் அவற்றைத் திறக்க முடியாது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி

விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தையது, நன்றாக ஓடுகிறது, எடுக்க வேண்டியது 20, 30 ஜிபிதான் என்றால் இதுவே போதும். எதையும் கழற்ற வேண்டாம். சிக்கல் எக்ஸ்பியில்தான்.

இப்போது விற்கும் பென் டிரைவ்களிலும் டிஸ்க்குகளிலும் பல, ஃபைல்களை அடுக்கும் எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்தில் வருகின்றன. தனி அப்டேட் போடாத எக்ஸ்பிக்கு அது புரியாது; 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும். ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த டிஸ்க்கைச் சாதாரண 32 பிட் எக்ஸ்பி கண்டுகொள்ளவே கொள்ளாது. எனவே புதுக் கம்ப்யூட்டரில் வைத்து, எம்பிஆர் என்ற பழைய முறையில், என்டிஎஃப்எஸ் வடிவத்தில் ஃபார்மேட் செய்துவிட்டுப் பழையதில் செருகுங்கள். ஃபேட் 32-ல் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு ஃபைலும் போகாது. கல்யாண வீடியோ பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான்.

அடுத்தது போர்ட். 80 ஜிபியை யூஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 30 எம்பி வீதம் எடுத்தால் முக்கால் மணி நேரம். அதே 80 ஜிபி, யூஎஸ்பி 1.1 மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் நொடிக்கு சுமார் 1 எம்பி வீதம் 22 மணி நேரம். அத்தனை நேரம் பழைய டிஸ்க் சுற்ற வேண்டும், பழைய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) தாங்க வேண்டும், நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். அந்தக் காலத்து யூபிஎஸ்ஸில் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். யூஎஸ்பி 1.1 என்று தெரிந்த நிமிடமே இந்த வழியை விட்டுவிடுங்கள். எந்த வகை என்று டிவைஸ் மேனேஜரில் பார்க்கலாம். 'என்ஹான்ஸ்டு' என்ற சொல்லோடு ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலர் இருந்தால் அது 2.0.

எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடும்போது ஒரு ஃபைல் படிக்க முடியாமல் போனால் எக்ஸ்பி மொத்தக் காப்பியையும் அங்கேயே நிறுத்திவிடும். விண்டோஸ் விஸ்டா முதல் உள்ளேயே வருகிற ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளை அப்படி நிற்காது. ஆனால் அதிலும் ஒரு பொறி: எதுவும் சொல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலைப் பத்து லட்சம் முறை, 30 விநாடி இடைவெளியில், முயன்றுகொண்டே இருக்கும். மறுமுயற்சி ஒன்று, காத்திருப்பு ஒரு விநாடி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். பிளாட்பாரத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் '2 டிபி' பென் டிரைவ்கள் போலி. உள்ளே சில ஜிபிதான் இருக்கும். அதைத் தாண்டி எழுதுவது எந்தப் பிழையும் காட்டாமல் மறைந்துபோகும். புது டிரைவ் எதையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு நிரலால் ஒருமுறை முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

டிஸ்க்கைக் கழற்றிப் படிப்பது

முதலில் வகையைப் பாருங்கள். சுமார் இரண்டு அங்குல அகலத்தில் தட்டையான ரிப்பன் கேபிளும் நான்கு துளைப் பவர் கனெக்டரும் என்றால் ஐடிஇ, 40 பின். ஒல்லியான கேபிள், 'எல்' வடிவ வாய் என்றால் சாட்டா. சாட்டா 2003-ல் வந்தாலும் அதற்குப் பின் பல வருஷம் ஐடிஇ டிஸ்க் போட்டே அசெம்பிள் செய்தார்கள். வருஷத்தை வைத்து முடிவுகட்டாமல் திறந்து பாருங்கள். பழைய லேப்டாப் ஐடிஇ டிஸ்க் 44 பின், பற்கள் நெருக்கமாக இருக்கும்.

வாங்க வேண்டியது மூன்று வாயும் உள்ள யூஎஸ்பி அடாப்டர்: 40 பின், 44 பின், சாட்டா. கூடவே 12 வோல்ட், 2 ஆம்பியர் பவர் அடாப்டர் கட்டாயம் வேண்டும். 2.5 அங்குல லேப்டாப் டிஸ்க் யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டிலேயே ஓடும். 3.5 அங்குல மேசை டிஸ்க்குக்கு 12 வோல்ட் இல்லாமல் மோட்டார் சுற்றாது. வெறும் சாட்டா கேபிளை மட்டும் வாங்கி வந்து, டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு செய்பவர்கள் நிறைய. பவர் அடாப்டர் மட்டமாக இருந்தாலும் டிஸ்க் சுற்றத் தொடங்கி, 'டிக்' என்று நின்று, மறுபடி தொடங்கும். சாகிற டிஸ்க்கின் சத்தம் போலவே இருக்கும். கம்ப்யூட்டருக்குள் ஒழுங்காக ஓடிய டிஸ்க் அடாப்டரில் மட்டும் இப்படிச் செய்தால், முதலில் பவர் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் இரு பக்கமும் உள்ள நான்கு திருகுகளைக் கழற்றினால் டிஸ்க் வந்துவிடும். ஐடிஇ என்றால் பின்பக்கப் பின்களில் செருகியிருக்கும் ஜம்பர் என்ற சின்ன மூடியை 'மாஸ்டர்' நிலையில் வையுங்கள். எந்த இடம் என்று லேபிளிலேயே படம் இருக்கும். 'ஸ்லேவ்' நிலையில் இருந்தால் பல அடாப்டர்கள் டிஸ்க்கைக் காட்டாது. இந்த ஒரு ஜம்பருக்காக மாலைப் பொழுது முழுக்க வீணாவதுண்டு.

காய்ந்த மர மேசையில் தட்டையாக வைத்து, முதலில் பவர் கொடுத்து, சுழலும் சத்தம் சீரான பிறகு யூஎஸ்பியைச் செருகுங்கள். சுற்றும்போது தூக்கவோ திருப்பவோ கூடாது. கேபினட் காற்று இல்லாமல் வெளியே ஓடும் டிஸ்க் சீக்கிரம் சூடேறும். மே மாதம் என்றால் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள்.

விண்டோஸ் 11 அப்போது மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்றைக் கேட்கலாம். 'ஃபார்மேட் செய்யவா?' வேண்டாம். 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா?' அதுவும் வேண்டாம்; அது பழைய டிஸ்க்கின்மேல் எழுதும். பழைய பயனர் ஃபோல்டரைத் திறக்கும்போது 'அனுமதி இல்லை, தொடரவா?' என்பது மட்டும் பரவாயில்லை. ஆனால் ஃபைல் எண்ணிக்கை அதிகம் என்றால் அனுமதி மாறவே நெடுநேரம் எடுக்கும், நடுவில் பிடுங்காதீர்கள்.

காப்பி போடும் முன், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் ஒரு பார்வை. 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளிலும் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. சி5 பூஜ்யமில்லை என்றால் சில பகுதிகள் படிக்க முடியாத நிலையில் இருக்கின்றன. அப்போது எக்ஸ்ப்ளோரரை விட்டு, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ நிரலால் மொத்த டிஸ்க்கையும் ஒரே இமேஜாக, அதாவது முழு நகலாக ஒரே ஃபைலில் எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் தேடும். எங்கே விட்டது என்று மேப் ஃபைலில் குறித்து வைத்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம்.

எங்கே தேடுவது? எக்ஸ்பியில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', விண்டோஸ் 7-ல் 'யூசர்ஸ்'. அதோடு நின்றுவிடாதீர்கள். நம்மூரில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களை சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். படங்களும் பாட்டும் பெரும்பாலும் டியிலும் இயிலும்தான் இருக்கும். நோக்கியா பிசி ஸூட் எடுத்த பேக்கப் ஃபைல் எங்காவது கிடந்தால் அதையும் எடுங்கள், பழைய போன் நம்பர்கள் அதற்குள் இருக்கும்.

இந்த வழி பலிக்காத இடங்களும் உண்டு. மலிவு லேப்டாப்கள் சிலவற்றில் சேமிப்பு போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். டிஸ்க்கையே பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், கழற்றும் முன் தேடி எடுத்து எழுதி வையுங்கள்.

மற்ற வழிகள்

நெட்வொர்க் கேபிள், விண்டோஸ் 7-க்கும் 11-க்கும் இடையே என்றால் நல்லது. நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறைகளில் எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய முறை மட்டும். 2017-க்குப் பிறகு நிறுவிய விண்டோஸ்களில் அது பாதுகாப்புக் காரணமாக அணைக்கப்பட்டிருக்கிறது. வேலைக்காகத் திறந்து, முடிந்ததும் மூட மறந்தால் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டை விழுந்துவிடும். பழைய 100 எம்பிபிஎஸ் கார்டில் 80 ஜிபிக்கு இரண்டு மணி நேரம். எக்ஸ்பிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கிளவுட், எக்ஸ்பியில் ஏறக்குறைய முடியாது. அதன் பிரவுசரில் இன்றைய பாதுகாப்பான தளங்கள் திறக்கவே மாட்டா. திறந்தாலும் கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஃபைல்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு முக்கியமானவற்றுக்கு இரண்டாவது பிரதி வைக்க அது சரியான இடம்.

லினக்ஸ் பென் டிரைவ், விண்டோஸ் எழாமல் டிஸ்க் மட்டும் நன்றாக இருக்கும்போது கைகொடுக்கும். கழற்ற முடியாத லேப்டாப்புக்கும் இதுவே வழி. எக்ஸ்ஃபேட், ஜிபிடி, அனுமதி என்ற தொல்லைகள் எதுவும் இராது. பழைய பிராசசருக்கு 32 பிட் பதிப்பு வேண்டும். உபுன்டு என்ற லினக்ஸ் அதைக் கைவிட்டு வருஷங்கள் ஆகின்றன, ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸின் 23-ம் பதிப்பில் அது உண்டு. யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகாத கம்ப்யூட்டர் என்றால் சிடியில் எழுதிப் போட வேண்டும்.

கடையில் கொடுப்பது என்றால் இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல டிஸ்க்கிலிருந்து ஃபைல் எடுப்பது ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் எந்த சர்வீஸ் கடையும் செய்யும் வேலை. அதே தெருவில் அடாப்டர் வாங்கினால் நீங்களே செய்யலாம். டக் டக் சத்தமிடும் டிஸ்க் வேறு. அதன் மூடியைத் தூசியற்ற அறையில்தான் திறக்க வேண்டும்; அந்த வசதி உள்ள மீட்பு நிறுவனம் எது என்று விசாரித்துக் கொடுங்கள். மேசையில் வைத்து மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். எந்தக் கடையானாலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, ரசீதில் அதை எழுதச் சொல்லுங்கள். ஆதார், பான் நகல்கள், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும் டிஸ்க் என்றால் கண்முன்னே காப்பி போடச் சொல்வது தவறில்லை.

வந்த பிறகு

மொத்த அளவு ஒத்துப்போனால் போதாது. ஃபைல்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள், மறைந்த ஃபைல்களைக் காட்டும் அமைப்பை இரு பக்கமும் இயக்கிவிட்டு. டெராகாப்பி என்ற காப்பி நிரலில் சரிபார்ப்பை டிக் செய்தால் ஒவ்வொரு ஃபைலையும் மறுபடி படித்து ஒப்பிடும்; நேரம் இரட்டிப்பாகும், அது நியாயமான விலை. சி5 பூஜ்யமில்லாமல் இருந்த டிஸ்க்கில் மட்டும் இந்த இரண்டாவது வாசிப்பைத் தவிருங்கள்.

பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் ஃபோல்டர் படத்தோடு உட்கார்ந்திருக்கும் இஎக்ஸ்இ ஃபைல் மிகச் சாதாரணம். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே ஃபோல்டரின் பெயரில் இருக்கும். கிளிக் செய்தால் வைரஸ் ஓடும். பென் டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் உண்மையான ஃபோல்டர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன, அழியவில்லை. ஃபைல் வகையின் பெயரைக் காட்டும்படி வைத்து, முழுதும் ஸ்கேன் செய்து, நிரல்கள் எதையும் கொண்டுவராமல் ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய டிஸ்க்கை உடனே காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஈரம் புகாத உறையில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு, ஒரு வருமான வரிக் கணக்கு தாக்கல் முடியும்வரையாவது வைத்திருங்கள். எந்த ஃபைல் விட்டுப்போனது என்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும். பிறகு அதே அடாப்டரில் மாட்டி, முழு டிஸ்க்கையும் பூஜ்யங்களால் ஒருமுறை எழுதி அழித்துவிடுங்கள். சுற்றாத டிஸ்க் என்றால் மேல் மூடியின் திருகுகளைக் கழற்றித் தட்டுகளைக் கீறிவிடுங்கள். லேப்டாப் டிஸ்க் சிலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது, தட்டினால் தூளாகிவிடும். துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யுங்கள். மிச்சத்தை அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்.